ரெட்டியார்பட்டி நிலம்: மொத்தமாக விற்பதா, பிளாட் போடுவதா?

கேள்வி: பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். ஓய்வுபெற்ற அரசு ஊழியர், வயது 63. வரிக்குரிய ஓய்வூதியம் ஆண்டுக்கு 6 லட்சம். சொந்த வீடு ஒன்று உண்டு. 2012 ஜூனில் ரெட்டியார்பட்டி பக்கம் 50 சென்ட் புஞ்சையை முதலீடாக வாங்கிப் போட்டேன்; பத்திரச் செலவோடு 22 லட்சம் ஆனது. இப்போது 70 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். 2026 மார்ச்சுக்குள் கிரயம் முடிக்கலாம். "ஊராட்சி நிலம்தானே, வரியே கிடையாது" என்கிறார் புரோக்கர். பிளாட் போட்டால் 1 கோடி தேறும் என்றும் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த "வரியே கிடையாது" பேச்சை விட்டுவிடுங்கள். கிராமப்புற விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி (விற்ற லாபத்துக்கான வரி) இல்லை என்பது உண்மைதான். ஆனால் எது கிராமப்புறம் என்பதை ஊராட்சிப் பெயர்ப் பலகையை வைத்து முடிவு செய்வதில்லை. திருநெல்வேலி மாநகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்குப்படி 4 லட்சத்தைத் தாண்டியது. 1 முதல் 10 லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகரம் என்றால், அதன் எல்லையிலிருந்து 6 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலம் வரிக்கு உட்பட்டது. இந்தத் தூரத்தைச் சாலை வழியாக அல்ல, நேர்க்கோட்டில் அளப்பார்கள். ரெட்டியார்பட்டி அதற்குள் வந்துவிடும்.

வரி எவ்வளவு? 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்ததால் இது நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம் என்பதால் இரண்டு வழியிலும் கணக்குப் போட்டு, குறைந்த வரியைக் கட்டலாம். புரோக்கர் கமிஷன் 70,000 என்று வைத்தால், அது போக உங்கள் கைக்கு வருவது 69.30 லட்சம். பணவீக்கச் சரிக்கட்டல் (விலைவாசி உயர்வுக்கு ஏற்ப வாங்கிய விலையைக் கூட்டிக்கொள்வது) இல்லாமல் ஆதாயம் 47.30 லட்சம், அதற்கு 12.5% என்றால் 5,91,250. சரிக்கட்டலோடு பார்த்தால், 2012-13-க்கான பணவீக்கக் குறியீடு 200, 2025-26-க்கு 376. 22 லட்சம் 41.36 லட்சமாகும், மிச்சம் 27.94 லட்சத்துக்கு 20% வரி 5,58,800. உங்களுக்கு இதுதான் லாபம். அந்த வரியின் மேல் 4% செஸ் தனி. வேலி, போர் போட்ட செலவையும் கழிக்கலாம், பில் இருந்தால் மட்டும்.

இந்த வரியும் வேண்டாம் என்றால் இரண்டு வழி உண்டு. கிரயமான 6 மாதத்துக்குள் வருமான வரிச் சட்டத்தின் 54இசி பிரிவில் வரும் கடன் பத்திரங்களில் (ஆர்இசி, பிஎஃப்சி, ஐஆர்எஃப்சி ஆகிய அரசு நிறுவனங்களுடையவை) போடலாம்; உச்சவரம்பு 50 லட்சம். முழு விலக்குக்கு 47.30 லட்சம் போடவேண்டும். 27.94 போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சரிக்கட்டல் என்பது வரியை ஒப்பிட மட்டுமே, ஆதாயத் தொகையைக் குறைக்காது. பணம் 5 ஆண்டு முடங்கும், 5.25% வட்டிக்கும் வரி உண்டு.

இன்னொன்று 54எஃப் பிரிவு: வீடு வாங்குவது அல்லது கட்டுவது. ஒரு வீடு மட்டும் இருப்பதால் உங்களுக்குத் தகுதி உண்டு. இங்கே ஆதாயத்தை மட்டும் போட்டால் போதாது, 69.30 லட்சத்தையும் போடவேண்டும். 40 லட்சத்துக்கு வீடு என்றால் விலக்கு 27.30 லட்சத்துக்குத்தான். வாங்க 2 ஆண்டு, கட்ட 3 ஆண்டு அவகாசம். ஆனால் 2026 ஜூலை 31-க்குள் செலவாகாத தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டாக வேண்டும். சாதாரண எஃப்டியில் போட்டுவைத்து விலக்கைக் கோட்டைவிட்டவர்கள் நிறைய.

இனி பிளாட். முதலீட்டு நிலத்தை மனைகளாக்கி விற்க இறங்கினால் அது வியாபாரச் சரக்காகிவிடும். மாற்றும் நாளின் சந்தை மதிப்பு வரை மூலதன ஆதாயம். அதற்கு மேல் கிடைப்பது வியாபார வருமானம். இரண்டுக்கும் வரி மனை விற்கும் ஆண்டில்தான். மதிப்பு 70, சாலை, அனுமதி, கமிஷன் எல்லாம் 12 என்றால் லாபம் 18 லட்சம். ஒரே ஆண்டில் விற்றால், ஓய்வூதியத்தோடு சேர்ந்து கூடுதல் வரி சுமார் 3 லட்சம். ஆக, எல்லா மனையும் போனால் 15 லட்சம் மிச்சம். நாலு மனை விற்காமல் நின்றால் அதுவும் இல்லை. தவிர, 60 வயதைத் தாண்டி வியாபார வருமானம் இல்லாதவர்களுக்கு முன்கூட்டிய வரி (ஆண்டு முடியும் முன்பே தவணையாகக் கட்டுவது) கிடையாது. பிளாட் போட்டால் அந்தச் சலுகை போய்விடும். மாற்றும் நாளன்றே பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்காவிட்டால், 70 என்பதை அதிகாரியிடம் நிரூபிக்க முடியாது. என்னைக் கேட்டால் மொத்தமாகவே கொடுத்துவிடுங்கள்.

கிரயத்துக்கு முன் வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள். அது 77 லட்சத்தைத் தாண்டினால், நீங்கள் 70 வாங்கினாலும் வழிகாட்டி மதிப்பையே விற்பனை விலையாகக் கொள்வார்கள். அட்வான்ஸ் உட்பட ரொக்கமாக 20,000 அல்லது அதற்கு மேல் வாங்காதீர்கள். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். 50 லட்சத்துக்குக் குறையாத கிரயம் என்பதால் வாங்குபவர் உங்கள் வரிக்கணக்கில் 1%, அதாவது 70,000 பிடித்துக் கட்டுவார். பான், ஆதார் இணைப்பை முன்பே சரிபாருங்கள். இல்லாவிட்டால் பிடித்தம் 20% ஆகும்.