தட்டில் ஒரு கணக்கு, செயலியில் ஒரு கணக்கு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரை. சாப்பாட்டுக் கணக்குக்குச் செல்போனில் ஒரு செயலி போட்டிருக்கிறோம். மதியச் சாதத்தை எடை போட்டு 200 கிராம் என்று பதிந்தால் 700 கலோரி காட்டுகிறது. அவர் பயந்து சாதத்தைப் பாதியாக்கிவிட்டார். எங்கே தப்பு?
– வாசகி, திருமங்கலம்

பதில்: எடை போட்டது சாதத்தை, செயலியில் தேர்ந்தெடுத்தது அரிசியை. சமைக்காத அரிசி 100 கிராமில் சுமார் 350 கலோரி, 78 கிராம் மாவுச்சத்து. அதுவே வெந்தபின் 250 முதல் 300 கிராம் சாதமாகிறது. கூடியதெல்லாம் தண்ணீர். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையிலும் பெரும்பாலும் சமைக்காத பொருளுக்குத்தான் அளவு இருக்கிறது. அதை அப்படியே எடுத்துப் போட்ட செயலிகளில் இந்தக் குழப்பம் சகஜம்.

உங்கள் வீட்டு அரிசிக்கு ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, எடையைச் சுழியாக்கும் பொத்தானை அழுத்திவிட்டு அரிசியைப் போடுங்கள். 500 கிராம் அரிசி வடித்தபின் 1,400 கிராம் சாதமானால் பெருக்கம் 2.8. தட்டிலுள்ள 200 கிராமை 2.8ஆல் வகுத்தால் அரிசி சுமார் 71 கிராம். அதாவது 250 கலோரி, 55 கிராம் மாவுச்சத்து. வடித்த கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போய்விடும், அதனால் உண்மை அளவு இதைவிடச் சற்றுக் குறைவு. குக்கரில் பொங்கும் வீட்டில் பெருக்கம் வேறாக வரும். அரிசி மாறினாலும் மறுபடி எடை போட வேண்டும்.

இட்லிக்கும் இதே வழிதான். 400 கிராம் அரிசி, 100 கிராம் உளுந்து ஊறவைத்து 25 இட்லி வந்தால், ஓர் இட்லியில் 16 கிராம் அரிசி, 4 கிராம் உளுந்து. மாவுச்சத்து ஏறத்தாழ 15 கிராம், 70 கலோரி. செயலியில் உள்ள ‘இட்லி’ யார் வீட்டுத் தட்டில் வார்த்தது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ‘எங்கள் வீட்டு இட்லி’ என்று தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அநேகமாக எல்லாச் செயலியிலும் அந்த வசதி உண்டு.

செயலியில் நழுவிப்போகும் இன்னொன்று எண்ணெய். கறி தோசை, கொத்து பரோட்டா மாதிரி கல்லில் புரளும் பண்டங்களுக்கு அது காட்டும் கணக்கை நம்பவே வேண்டாம். வீட்டு எண்ணெயை மாதக் கணக்கில் பாருங்கள். நாலு பேருக்கு மாதம் 3 லிட்டர் என்றால் ஆளுக்குத் தினம் 25 மில்லி, 200 கலோரிக்கு மேல்.

ஒன்று முக்கியம். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் சாதத்தைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடும். மருந்தளவு பற்றி டாக்டரிடம் பேசும்வரை உங்கள் கணவர் பழைய அளவே சாப்பிடட்டும்.

கேள்வி: அப்பாவின் கையில் 14 நாள் சர்க்கரை சென்சார் ஒட்டியிருக்கிறோம். நடுராத்திரி 58 என்று அலறுகிறது. விரலில் குத்திப் பார்த்தால் 110. எதை நம்புவது?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: அந்த நேரத்தில் விரலை. அப்பா சென்சார் ஒட்டிய பக்கமாகவே படுத்திருப்பார். சென்சார் அளப்பது இரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திசுநீரை. உடல் பாரம் அழுத்தினால் அங்கே திசுநீர் ஓட்டம் குறைந்து பொய்யாகத் தாழ்வு காட்டும். புரண்டு படுத்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகும். அடுத்த சென்சாரை மறு கையில் ஒட்டுங்கள். சாப்பிட்டவுடன் சர்க்கரை வேகமாக ஏறும்போதும் சென்சார் 5 முதல் 15 நிமிடம் பின்தங்கியே காட்டும். ஒட்டிய முதல் நாள் அளவுகளையும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

விரலில் குத்துமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். மாம்பழம் தின்ற விரலில் குத்தினால் 110 இருப்பது 200ஐத் தாண்டிக் காட்டலாம்! நடுக்கம், வியர்வை, குழப்பம் இருந்து அளவும் 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழையுங்கள்.

மே மாத வியர்வையில் சென்சார் உரிந்து வருவதாகப் பலர் எழுதுகிறார்கள். ஒட்டும் நாளில் எண்ணெய்க் குளியல், பவுடர் இரண்டும் வேண்டாம். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தபின் நன்றாகக் காய விட வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டினால் நிற்காது. செல்போனில் பேட்டரி சேமிப்பை இந்தச் செயலிக்கு மட்டும் நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் போன் தானாகச் செயலியை மூடிவிடும், நிஜமான தாழ்வு வரும் ராத்திரியில் அலாரமே அடிக்காது.

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருக்கிறேன். நோயாளிகளின் சாப்பாட்டைப் பதியப் புதிய மென்பொருள் வந்தபின் வேலை இரட்டிப்பானதுதான் மிச்சம். உப்பு குறைக்கச் சொன்ன நோயாளிக்குச் சாதாரணச் சாப்பாடு போகிறது. எங்கிருந்து சரிசெய்வது?
– வாசகி, மதுரை

பதில்: முதலில் எடை, உயரக் கட்டங்களைப் பாருங்கள். நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாதபடி வைத்திருந்தால், அவசரத்தில் சிஸ்டர்கள் எல்லோருக்கும் 60 கிலோ, 160 செ.மீ. என்று போட்டுவிடுவார்கள். 40 கிலோ, 150 செ.மீ. உள்ள பாட்டிக்கு பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 17.8, மென்பொருளோ 23.4 என்று கணக்கிட்டு ‘ஆபத்தில்லை’ என்னும். கிலோவுக்கு 25 கலோரி என்று போட்டால் 1,000க்குப் பதில் 1,500 வரும். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு எடுத்த எடுப்பிலேயே அவ்வளவு கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து உயிருக்கே ஆபத்து. ‘அளக்க முடியவில்லை’ என்றொரு தேர்வைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதைத் தொட்டால் மேல்கைச் சுற்றளவு கேட்க வேண்டும். 23.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் பிஎம்ஐ அநேகமாக 20க்கும் குறைவு. நீங்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டியவர் அவர்.

உப்புப் பிரச்சினைக்கு இரண்டு இடங்களைச் சோதியுங்கள். ஒன்று, உணவு ஆணை நோயாளி எண்ணோடு இருக்கிறதா, படுக்கை எண்ணோடு இருக்கிறதா? படுக்கையோடு இருந்தால், வார்டு மாற்றிய அன்றே பழைய ஆளின் சாப்பாடு புது ஆளுக்குப் போகும். இரண்டு, கட்டத்தில் இருப்பது சோடியமா, உப்பா? 2 கிராம் சோடியம் என்பது 5 கிராம் உப்பு. கிச்சனில் இருப்பவருக்கு உப்புக் கணக்குத்தான் கைகொடுக்கும். அச்சாகும் சீட்டில் அதையே போடுங்கள்.

‘வெறும் வயிறு’ ஆணைக்கு முடியும் நேரம் கட்டாயம் வேண்டும். ஆபரேஷன் தள்ளிப்போனால், யாரும் நீக்காத ஆணையால் நோயாளி ராத்திரி வரை பட்டினி கிடப்பார். பொதுவாக லேசான உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் இடைவெளி போதும். மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டு அந்த நேரத்தையே பதியுங்கள்.

மாற்றத்தை ஒரு வார்டில் தொடங்குங்கள். நோட்டும் கணினியும் சேர்ந்து ஓடுவதற்கு ஒரு கடைசித் தேதி வையுங்கள். தேதி இல்லாவிட்டால் சிஸ்டர்கள் நோட்டைத்தான் நம்புவார்கள், கணினியில் பழைய ஆணையே கிடக்கும். கரண்ட், நெட் போகும் நேரத்துக்காகத் தினம் காலையில் முழுப் பட்டியலை அச்செடுத்துக் கிச்சனில் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு இதயம் பலவீனம், கால் வீக்கம். புதிய ஸ்மார்ட் எடை மெஷின் ‘தசை கூடியிருக்கிறது’ என்கிறது. நல்லதுதானே?
– வாசகர், மேலூர்

பதில்: இல்லை. அது மெல்லிய மின்சாரம் செலுத்தி உடல் நீரைக் கொண்டு தசையை ஊகிக்கிறது. வீக்கத்து நீரும் தசையாகவே தெரியும். எடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், ஒரே மாதிரி உடையில் பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருந்தால் இந்த மெஷினில் ஏறவே வேண்டாம். சாதாரண எடை மெஷின் வாங்கிக் கொடுங்கள்.