வெயிலில் வெளுத்த காருக்கு முழுசாகப் பெயின்ட் அடித்துத்தான் ஆக வேண்டுமா?

கூரையும் பானட்டும் மங்கி, கறுப்பு பம்பர் சாம்பல் பூத்துவிட்டது, பட்டறையில் முழுப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். மங்கிய இடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை பழைய நிறம் தெரிந்தால் பெரும்பாலும் பாலிஷிலேயே சரியாகிவிடும். வெயில் பட்ட தோல்போல ஏடு ஏடாக உரிந்திருந்தால் பாலிஷ் உதவாது; அந்தப் பகுதிக்கு மட்டும் பெயின்ட் அடித்தால் போதும்.

நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற ஒளிபுகும் பூச்சு ஒன்று இருக்கிறது. தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. பாலிஷ் போடும்போது தேய்ந்து போவது அதுதான். ஒருமுறை போனால் திரும்ப வராது. அதனால் ஒவ்வொரு சர்வீஸிலும் ரப்பிங் (மேல்பூச்சைத் தேய்த்தெடுக்கும் பாலிஷ்) போட ஒத்துக்கொள்ளவே கூடாது. மெழுகு பூசினால் போதும்.

கழுவிய பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவுங்கள். ரவை ஒட்டியதுபோல நறநறவென்றால் முதலில் கிளே பார் (ஒட்டிய அழுக்கைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) தேய்க்க வேண்டும். அப்புறம்தான் பாலிஷ், அதுவும் நிழலில், தகடு ஆறிய பிறகு. கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களுக்கு முன்பே டேப் ஒட்டிவிடுங்கள். பாலிஷ் பட்டுக் காய்ந்தால் அந்த வெள்ளைக் கறையை எடுப்பது பெரும்பாடு.

பம்பருக்கு, பளபளக்கும் எண்ணெய்ப் பூச்சு வேண்டாம். நாலு மழையில் கரைந்துவிடும். பிளாஸ்டிக்கில் ஊறிப் பிடிக்கும் டிரிம் ரெஸ்டோரர் வாங்குங்கள்.

பறவை எச்சத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். ஈரத்துணியை ஐந்து நிமிடம் போட்டு ஊறவிட்டு எடுங்கள்.