கேள்வி பதில்: பகல் வெயிலை இரவுக்கு வைத்திருக்க முடியுமா?

கேள்வி: கமுதியில் 2016-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அந்தி சாய்ந்ததும் ஓய்ந்துவிடுகிறது. விளக்கு போடும் நேரத்தில்தானே மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படுகிறது? அங்கே பேட்டரிகளை வைத்தால் போதாதா?
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: வைக்கலாம். ஆனால் எத்தனை மணி நேரத்துக்கு என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். பேட்டரிக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒரே நேரத்தில் அது எவ்வளவு மின்சாரம் தரும் என்பதை மெகாவாட்டும், மொத்தமாக எவ்வளவு வைத்திருக்கும் என்பதை மெகாவாட் மணியும் சொல்கின்றன. குழாயின் அகலம் வேறு, தொட்டியின் கொள்ளளவு வேறு என்பது போலத்தான் இதுவும்.

சத்தீஸ்கரின் ராஜ்நாந்த்கானில் இந்திய சூரிய ஆற்றல் கழகம் 2024-இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்த நிலையத்தை எடுத்துக்கொள்வோம். மின்தொகுப்புக்கு 100 மெகாவாட் அனுப்பும் அந்த நிலையத்தில் 40 மெகாவாட், 120 மெகாவாட் மணி பேட்டரி இருப்பதால், முழுத்திறனில் மூன்று மணி நேரம் மின்சாரம் தர முடியும். வீட்டு மீட்டரின் கணக்கில் இது 1,20,000 யூனிட். அதாவது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்று நமக்குக் கிடைக்கும் இலவச மின்சாரத்தை 1,200 வீடுகளுக்கு ஒருமுறை கொடுக்கும் அளவு. அங்கே பதித்துள்ள சூரியத் தகடுகளின் திறனோ 150 மெகாவாட்டுக்குச் சற்று மேல். தகடுகளின் திறன் வெளியே செல்லும் மின்பாதையின் அளவைவிடக் கூடுதலாக இருந்தால்தான் உச்சி வெயிலில் மிஞ்சுவதைச் சேமிக்க இடமுண்டு. தகடு, பேட்டரி, துணைமின் நிலையம் மூன்றையும் முதல் வரைபடத்திலேயே ஒன்றாகத் திட்டமிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

புதிய சூரிய மின் ஒப்பந்தப்புள்ளிகளில் நிலையத்தின் திறனில் குறைந்தது 10 விழுக்காட்டுக்கு, இரண்டு மணி நேரச் சேமிப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2025 பிப்ரவரியில் அறிவுறுத்தியது. கமுதி அளவுள்ள ஒரு நிலையத்துக்கு இது ஏறத்தாழ 65 மெகாவாட், 130 மெகாவாட் மணி ஆகும். தொடக்கம் என்ற அளவில் வரவேற்கிறேன். மாலைத் தேவையைத் தாங்க இது போதாது என்பது என் உறுதியான கருத்து. சேமித்து எடுக்கும்போது நூறு யூனிட்டுக்குச் சுமார் பதினைந்து யூனிட் இழப்பாகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி: இத்தனை பேட்டரிகள் ஊருக்கு அருகில் இருந்தால் தீப்பிடிக்காதா?
– வாசகர், சாயல்குடி

பதில்: நியாயமான அச்சம். கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் 2025 ஜனவரியில் ஏற்பட்ட தீயால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். அங்கே பழைய மின்நிலையக் கட்டடம் ஒன்றுக்குள், நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த லித்தியம் பேட்டரிகளை நெருக்கமாக அடுக்கியிருந்தனர். இன்று புதிய நிலையங்களில் பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளைத் தனித்தனிக் கொள்கலன்களில் இடைவெளி விட்டு வெட்டவெளியில் நிறுத்துகிறார்கள். இவ்வகை எளிதில் கட்டுமீறிச் சூடேறாது என்றாலும், தீயே பிடிக்காது என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் ஊருக்குத் திட்டம் வரும்போது கொள்கலன்களுக்கு இடையே எத்தனை அடி இடைவெளி, வாயுவை உணரும் கருவி உண்டா, உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் பயிற்சி தரப்பட்டதா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும்?
– வாசகர், விருதுநகர்

பதில்: தகடுகள் 25 ஆண்டு உழைக்கும், பேட்டரிக்குப் பொதுவாக 12 முதல் 15 ஆண்டு. நம் வெயிலில் குளிரூட்டல் குறைந்தால் அதுவும் சுருங்கும். எனவே இடையில் ஒருமுறை பேட்டரிகளை மாற்றும் செலவையும், பழையவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.