3 டிபி டிஸ்க் 746 ஜிபின்னு காட்டுதே, டூப்ளிகேட்டா?

கேள்வி: அம்பாசமுத்திரத்துல ஸ்டூடியோ வச்சிருக்கேன் அண்ணாச்சி. ஆனித் தேரோட்டம், கல்யாண வீடுன்னு வீடியோ சேந்துக்கிட்டே போகுது, எடம் பத்தாம வண்ணார்பேட்டையில ஒரு கடையில 3 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி பழைய விண்டோஸ் 7 டெஸ்க்டாப்ல மாட்டுனேன். வெறும் 746 ஜிபின்னு காட்டுது. கடைக்காரரு "டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, உங்க சிஸ்டந்தான் பழசு"ங்காரு. டூப்ளிகேட்டத் தலையில கட்டிட்டாரோ?

பதில்: கடைக்காரர் சொல்லுததுதான் சரி தம்பி, அவருகிட்ட சண்டைக்குப் போயிராதீங்க. 746ங்கிற அந்த நம்பரே விஷயத்தக் காட்டிக் குடுத்துருது. கம்பெனிக்காரன் 1000 கணக்குல போடுத 3 டிபி டிஸ்க்க விண்டோஸ் 1024 கணக்குல 2794 ஜிபின்னுதான் காட்டணும், அதுல 2048ஐக் கழிச்சுப் பாருங்க, மிச்சம் 746! டிஸ்க்கையும் விண்டோஸையும் பேச வைக்கிற பழைய டிரைவர் சாஃப்ட்வேர், டிஸ்க்ல உள்ள செக்டாருங்கிற 512 பைட் கட்டங்கள 32 பிட்லதான் எண்ணும், சுமார் 429 கோடி செக்டார் வரைக்கும்தான் அதுக்குக் கணக்கு, அதத் தாண்டுனா ஸ்கூட்டர் மீட்டர் சுத்தி வந்த மாதிரி மறுபடி பூஜ்யத்துல இருந்து ஆரம்பிச்சிரும், அதான் 2048 ஜிபி அப்படியே காணாமப் போச்சு.

பெரும்பாலும் இன்டெல்லோட பழைய ஸ்டோரேஜ் டிரைவர் இருக்க மிஷின்லதான் இப்படி வரும். டிவைஸ் மேனேஜர்ல பாருங்க, அதுதான் இருந்தா ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி 10.1 இல்லன்னா அதுக்கு மேல உள்ள வெர்ஷன், உங்க போர்டுக்கு ஒத்துவாரதாப் பாத்துப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. அப்புறம் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல 2794 வந்துரும். ஆனா சோலி அதோட முடியல. டிஸ்க்கப் பிரிச்சுக் கணக்கு வைக்கிற பழைய முறையான எம்பிஆர்ல டிஸ்க் இருந்தா 2048க்கு மேல உள்ளது அன்அலகேட்டடாவே, அதாவது ஒதுக்காத எடமாவே கெடக்கும், அத ஜிபிடிங்கிற புது முறைக்கு மாத்தணும். மாத்துத ஆப்ஷன் டிஸ்க்ல பார்ட்டிஷன் (டி, இ டிரைவ் மாதிரி பிரிச்ச பாகம்) எதுவும் இல்லாம இருந்தாத்தான் வரும், அதனால 746 காட்டுத வரைக்கும் ஒரு போட்டோ கூட அதுல ஏத்தாதீங்க. ஏற்கெனவே ஏத்திருந்தா மொதல்ல வேற டிஸ்க்குக்கு காப்பி எடுத்துருங்க, அடுத்தவங்க வீட்டுக் கல்யாண வீடியோ, போச்சுன்னா திரும்ப எடுக்க முடியாதுல்லா.

சி டிரைவ் பழைய டிஸ்க்லயே இருக்கட்டும், மிஷினக் கெளப்பி விடுத சாஃப்ட்வேர் புது யூஇஎஃப்ஐயா இல்லாம பழைய பயாஸா இருந்தா ஜிபிடி டிஸ்க்ல இருந்து விண்டோஸ் பூட் ஆகாது, டேட்டா மட்டும் வைக்கன்னா பிரச்சனையே இல்ல. ஸ்டூடியோவுல எக்ஸ்பி மிஷின் எதுவும் கெடந்தா இந்த டிஸ்க்க அதுல மாட்டிராதீங்க, 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடியப் படிக்கத் தெரியாது.