பிப்ரவரியில் புலி பார்க்க முண்டந்துறையா, குற்றாலமா?

அண்ணாச்சி, பிப்ரவரியில் ரெண்டு நாள், கூட வயசான அம்மாவும் சின்னப் பிள்ளைகளும்னா குற்றாலத்தை விட்டுருங்க. சீசன் ஜூன்–ஆகஸ்ட்தான். பிப்ரவரியில் போனா அருவியில் தண்ணி இல்லாம பாறையைத்தான் பார்க்கணும். களக்காடு–முண்டந்துறை 1988லேயே புலிகள் காப்பகம் ஆனது. ஆனா அடர்ந்த மழைக்காடு, புலி கண்ணில் படும்னு பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீங்க.

முதல் நாள் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். நெல்லையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழி. விடியக்காலம் 6:30க்கே குளத்தங்கரையில் நில்லுங்க, வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும். 8x42 பைனாகுலர் போதும். கரண்டிவாயன் அலகைத் தண்ணிக்குள் விட்டு இடமும் வலமுமா துழாவும், பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்க. மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா எல்லாம் ஊருக்குள் வீட்டு மரத்திலேயே கூடு கட்டும். கூட்டுக்குக் கீழே போய் நிற்காதீங்க. தாய்ப்பறவை மிரண்டு எழும்பினா காக்கா முட்டையைத் தூக்கிரும். எச்சமும் தலையில் விழும், தொப்பி அவசியம்!

ஒண்ணு முக்கியம்: குளத்தில் தண்ணி இல்லாத வருஷம் பறவையும் குறைவு. கிளம்பும் முன்னால வனத்துறையிடம் கேட்டுக்கோங்க.

மறுநாள் முண்டந்துறைப் பக்கம் பாபநாசம், அகஸ்தியர் அருவி. பிளாஸ்டிக் பை, சோப்பு, ஷாம்பு வேண்டாம். குரங்கு பறிக்கும், தின்பண்டத்தைக் கையில் வச்சுக்கிட்டு நடக்காதீங்க.