மொழிதான் சிந்தனையின் எல்லையா?

நமக்குத் தெரிந்த மொழிக்கு அப்பால் நம்மால் சிந்திக்கவோ உணரவோ முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் என்பதே என் உறுதியான எண்ணம். ஆயினும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதில் மொழி நம்மை நாள்தோறும் பழக்கி வைக்கிறது.

புதுச்சேரியில் தமிழும் பிரெஞ்சும் புழங்கும் வீடுகளில் இதைக் கண்கூடாகக் காணலாம். விருந்தினரிடம் "நாம் கடற்கரைக்குப் போகிறோம்" என்றால் அவரும் செருப்பை மாட்டிக்கொள்வார். "நாங்கள் போகிறோம்" என்றால் திண்ணையிலேயே இருந்துவிடுவார். பிரெஞ்சில் இரண்டுக்கும் 'நூ' என்ற ஒரே சொல்தான். அதனால் பிரெஞ்சு பேசுபவருக்கு அந்த வேறுபாடு புரியாது என்று சொல்லிவிட முடியாது. தேவைப்படும்போது இரண்டொரு சொற்களைக் கூடுதலாகச் சேர்த்துத் தெளிவாக்கிவிடுவார். தமிழ் பேசுபவரோ, கேட்பவரைச் சேர்ப்பதா விலக்குவதா என்பதை வாய் திறக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும்.

ரஷ்ய மொழியில் அடர்நீலத்துக்கும் வெளிர்நீலத்துக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், ரஷ்ய மொழியினர் அந்த எல்லையின் இருபுறமும் அமைந்த நிறங்களைச் சற்றே விரைவாகப் பிரித்தறிந்தார்கள். ஆங்கிலம் பேசுவோருக்கு அந்த விரைவு வாய்க்கவில்லை; ஆனால் நிறங்கள் அவர்கள் கண்ணுக்கும் வேறுவேறாகவே தெரிந்தன.

இவற்றைவிட வலுவான சான்று மருத்துவத்தில் இருக்கிறது: மூளைப் பாதிப்பால் மொழித்திறனைப் பெரும்பாலும் இழந்தவர்களில் சிலர், ஒரு வாக்கியத்தைக்கூடச் சரிவர அமைக்க இயலாத நிலையிலும் கணக்குப் போடுகிறார்கள்.