கடவுளின் அன்பைப் பெற்றுக்கொள்வதும் பகிர்வதும் எப்படி?

"ஜெபிக்கிறேன், ஆலயத்துக்கும் போகிறேன். ஆனால் கடவுள் என்னை நேசிப்பதாகத் தோன்றவில்லை. அப்புறம் பிறரை எப்படி நேசிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வரிசையைக் கவனியுங்கள். பைபிளில் 1 யோவான் 4:19 நம் அன்புக்குச் சொல்லும் காரணம், 'அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால்' என்பதுதான். அந்த 'முந்தி' என்ற சொல்லை நான் மிகவும் நேசிக்கிறேன். ரோமர் 5:8 இன்னும் ஒரு படி மேலே போகிறது: நாம் பாவிகளாய் இருக்கும்போதே கிறிஸ்து நமக்காக மரித்தார். ஆகவே இது நாம் உழைத்து வாங்கும் கூலி இல்லை. உணர்வு வராத நாளிலும் மாறாது.

பெற்றுக்கொள்வது என்றால் என்ன என்று எனக்கு 2015 டிசம்பர் வெள்ளத்தில் புரிந்தது. சைதாப்பேட்டையில் அடையாற்றுத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் ஏறிய இரவு, அதுவரை பேசியே இராத மாடிவீட்டு அக்கா எங்களைக் கூப்பிட்டார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரசம் வைத்து, ஈரம் சொட்ட நின்ற என் கையில் தம்ளரைத் திணித்தார். "வேண்டாம்க்கா, உங்களுக்கே போதாது" என்றேன். "முதல்ல குடிம்மா" என்றார். வாங்கிக் குடித்தேன். விசுவாசமும் ஏறக்குறைய அப்படித்தான், மறுக்காமல் கையை நீட்டுவது.

தண்ணீர் வடிந்ததும் எதிர்வீட்டுத் தாத்தாவின் சமையலறையில் சேறு வாரினேன். யாரும் சொல்லவில்லை, தானாக வந்தது. லூக்கா 10-ல் வரும் நல்ல சமாரியனும் பிரசங்கம் செய்யவில்லை. வழியில் அடிபட்டுக் கிடந்த ஒருவனுக்குக் காயம் கட்டினான், அவனுக்காகச் சத்திரத்துக்குப் பணம் கொடுத்தான்.

சரி, நீங்கள் இந்த வாரம் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமர் 5:8-ஐ 'நாம்' இருக்கும் இடத்தில் உங்கள் பெயரை வைத்து வாசித்துவிட்டு, அவரைப் பார்க்கப் போங்கள்.